கிரீனுக்கு வசப்பட்டது வெல்ஸுக்கு ஏன் வசப்படவில்லை?

கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும்: 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்த ஆங்கில நாவலாசிரியர்களில் யாரெல்லாம் சினிமாவுக்குத் திரைக்கதையும் எழுதினார்கள்? எழுதியவர்களில் யாருக்கு அது கைவந்தது?

முதல் பாதிக்குப் பெயர்ப் பட்டியல் போட்டுவிடலாம், ஆனால் அது ரொம்ப நீளும். எச். ஜி. வெல்ஸ், ஆர்னால்டு பென்னட், சாமர்செட் மாம், பி. ஜி. உட்ஹவுஸ், ஹியூ வால்போல், ஆல்டஸ் ஹக்ஸ்லி, ஜே. பி. பிரீஸ்ட்லி, கிளெமன்ஸ் டேன், ஜேம்ஸ் ஹில்டன், கிரஹாம் கிரீன், கிறிஸ்டஃபர் இஷர்வுட், எரிக் ஆம்ப்ளர் என்று போய்க்கொண்டே இருக்கும். சினிமாப் பக்கம் தலைவைத்தே படுக்காதவர் என்று நாம் நினைக்கும் ஈ. எம். ஃபார்ஸ்டர்கூட 1945இல் ‘எ டைரி ஃபார் டிமதி’ என்ற ஆவணப்படத்துக்கு வர்ணனை எழுதிக் கொடுத்தார். (ஃபாக்னர், ஃபிட்ஸ்ஜெரால்டு கதை வேறு, அவர்கள் அமெரிக்கர்கள். இங்கே இங்கிலாந்துக்காரர்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.)

இரண்டாவது பாதிதான் சுவாரசியம். நாவலாசிரியராக ஒருவர் எவ்வளவு பெரியவர் என்பதற்கும் திரைக்கதையில் அவர் ஜெயித்தாரா என்பதற்கும் சம்பந்தமே இல்லை என்பது என் கணிப்பு. நிறையப் படம் பார்த்தவர், படத்தை நாவலின் ஏழைத் தம்பியாக நினைக்காதவர், தன் வரியை இன்னொருவர் வெட்டியபோது பொறுத்துக்கொண்டவர், இவர்கள்தான் தேறினார்கள். மற்றவர்களுக்குச் சம்பளம் கிடைத்தது. சிலருக்கு அடுத்த நாவலுக்கான கதை கிடைத்தது.

இவ்வளவு பேர் ஒரே காலத்தில் சினிமாவுக்குப் போனதற்குக் காரணம் இருக்கிறது. 1927இல் பேசும் படம் வந்தது. அதுவரை ஹாலிவுட்டுக்கு வசனம் எழுதத் தெரிந்த ஆட்கள் தேவைப்படவில்லை, திடீரென்று கூட்டமாகத் தேவைப்பட்டார்கள். அதே 1927இல் பிரிட்டிஷ் அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது: இங்கிலாந்துத் தியேட்டர்கள் குறிப்பிட்ட சதவீதம் உள்நாட்டுப் படங்களைத் திரையிட வேண்டும். கணக்குக் காட்டுவதற்காகவே மலிவாகவும் அவசரமாகவும் படங்கள் எடுக்கப்பட்டன, ‘கோட்டா குவிக்கி’ என்று கேலியாகச் சொல்வார்கள். ஆக லண்டனிலும் வேலை இருந்தது, கடல் தாண்டினாலும் வேலை இருந்தது. பென்னட் ஊமைப்படத்திலேயே கால்வைத்தவர். 1929இல் வந்த ‘பிக்காடிலி’ ஊமைப்படத்துக்கு அவர் தன் நாவல் எதையும் தழுவாமல் நேரடியாகவே கதை எழுதினார். அன்னா மே வாங் நடித்த படம். இன்று பார்த்தாலும் அலுக்கவில்லை.

சரி, உட்ஹவுஸிடமிருந்து தொடங்குகிறேன். சம்பளக் கதைகளில் அவருடையதுதான் ராஜா.

1930இல் எம்.ஜி.எம். ஸ்டுடியோ அவரை வாரம் 2,000 டாலருக்கு ஆறு மாதம் ஒப்பந்தம் செய்தது, பிறகு இன்னொரு ஆறு மாதம் நீட்டித்தது. உலகமே பொருளாதார மந்தத்தில் வேலை இல்லாமல் திண்டாடிய நேரம் அது. உட்ஹவுஸ் செய்த வேலை என்ன? வேறு யாரோ எழுதிய திரைக்கதையில் வரும் பட்லர்களின் வசனத்தை இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தட்டிக் கொட்டிச் சரிசெய்தார். மீதி நேரத்தில் தன் சொந்தக் கதைகளை எழுதினார். ஒப்பந்தம் முடிந்ததும், 1931 ஜூனில், லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் நிருபரிடம் மனந்திறந்து பேசிவிட்டார்: எனக்கு 1,04,000 டாலர் கொடுத்தார்கள், எதற்கென்றுதான் புரியவில்லை, மனதுக்குச் சங்கடமாக இருக்கிறது என்ற பாணியில். வெள்ளந்தியாகப் பேசினாரா, வேண்டுமென்றே குத்தினாரா என்று அவரைப் படித்தவர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். இரண்டும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஸ்டுடியோ முதலாளிகளுக்கு முகம் சிவந்தது.

அப்படியும் 1936இல் அவரை மறுபடி கூப்பிட்டார்கள், வாரம் 2,500 டாலருக்கு! அதுதான் ஹாலிவுட். இந்த முறை ஒரு உருப்படியான வேலை அமைந்தது. அவருடைய 1919 நாவலான ‘எ டாம்செல் இன் டிஸ்ட்ரெஸ்’ ஃபிரெட் அஸ்டேர் நடிக்க 1937இல் படமானது. இசை ஜார்ஜ் கெர்ஷ்வின், படம் வெளிவருவதற்கு முன்பே அவர் காலமாகிவிட்டார். டைட்டிலில் மூன்று எழுத்தாளர்களில் ஒருவராக உட்ஹவுஸ் பெயர் வரும். ஆனால் அவர் ஹாலிவுட்டிலிருந்து கொண்டுவந்த உண்மையான சரக்கு படத்தில் இல்லை, கதைகளில் இருக்கிறது. ஸ்டுடியோவில் ‘ஆமாம்’ சொல்பவர்களுக்குச் சம்பளம் உண்டு, அவர்கள் சொல்லி முடித்ததும் தலையை மட்டும் ஆட்டுவதற்கென்று இன்னும் கீழ்ப்படியில் ஓர் ஊழியர் உண்டு என்று ஒரு சிறுகதையில் கட்டிவிடுகிறார். அந்தத் தலையாட்டிதான் கதாநாயகன்.

ஹக்ஸ்லிக்குச் சம்பளம் வேறு மாதிரி உறுத்தியது. 1937இல் அமெரிக்கா போனவர், எம்.ஜி.எம்.முக்காக ஜேன் ஆஸ்டினின் ‘பிரைடு அண்டு பிரெஜுடிஸ்’ நாவலைத் திரைக்கதையாக்கினார், ஜேன் மர்ஃபினுடன் சேர்ந்து. வாரம் 1,500 டாலர். இங்கிலாந்து போரில் சிக்கி, சொந்தக்காரர்கள் அங்கே கஷ்டப்படும்போது இங்கே சொகுசாக உட்கார்ந்து இவ்வளவு பணம் வாங்குவதா என்று வேலையை உதறப் பார்த்தார். தோழியும் திரைக்கதையாசிரியருமான அனிதா லூஸ்தான், பணத்தை வாங்கி அதில் பெரும்பங்கை ஊருக்கு அனுப்பிவிடுங்களேன் என்று எளிதான வழியைச் சொல்லி நிறுத்தினார். படம் 1940இல் வந்தது. ஆஸ்டின் ரசிகர்களுக்கு அதில் ஆயிரம் குறை: உடைகள் சில பத்தாண்டுகள் தள்ளிப்போய்விட்டன, பிடிவாதக்காரி லேடி கேதரின் கடைசியில் நல்லவளாகிவிடுகிறாள். எனக்கு அந்தப் படம் பிடிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பேச்சு அதில் துள்ளும்.

பதினாறு வயதில் கண்நோயால் பார்வையைப் பெரும்பாலும் இழந்தவர் ஹக்ஸ்லி. முதன்முதலில் பேசும் படம் பார்த்துவிட்டு வெறுத்துப்போய்க் கட்டுரை எழுதியவரும் அவரே. ‘பிரேவ் நியூ வேர்ல்டு’ நாவலில் தொட்டுணரும் சினிமா ஒன்றைக் கற்பனை செய்து கிண்டலடித்தவர், அதே தொழிலில் சம்பளம் வாங்கும்படி ஆனது. அடுத்து ‘ஜேன் ஐர்’ படத்தில் பங்கு. 1945இல் வால்ட் டிஸ்னிக்காக ‘ஆலிஸ் இன் வொண்டர்லேண்ட்’. அவர் எழுதிக் கொடுத்ததில் மூன்று வார்த்தைக்கு ஒரு வார்த்தைதான் தனக்குப் புரிந்தது என்று டிஸ்னி சொன்னதாகக் கதை உண்டு. 1951இல் வந்த கார்ட்டூனில் ஹக்ஸ்லியின் எழுத்து இல்லை. தன் சொந்தச் சிறுகதையான ‘தி ஜியோகாண்டா ஸ்மைல்’ மட்டும் அவர் திரைக்கதையிலேயே ‘எ வுமன்ஸ் வெஞ்சன்ஸ்’ என்று படமானது.

இதற்கு நேர் எதிர்த் துருவம் வெல்ஸ். அவருக்குப் பணம் பிரச்சினையே இல்லை, அதிகாரம்தான் பிரச்சினை. தயாரிப்பாளர் அலெக்சாண்டர் கோர்டா, ‘திங்ஸ் டு கம்’ (1936) படத்தில் எந்தத் திரைக்கதையாசிரியருக்கும் கிடைக்காத செல்வாக்கை அவருக்குக் கொடுத்தார். உடை எப்படி இருக்க வேண்டும், அரங்கம் எப்படி இருக்க வேண்டும் என்று வெல்ஸ் குழுவுக்குக் குறிப்பு எழுதி அனுப்பினார். ஃபிரிட்ஸ் லாங் ‘மெட்ரோபோலிஸ்’ படத்தில் என்ன செய்தாரோ அதற்கு நேர்மாறாகச் செய்யுங்கள் என்பது அந்தக் குறிப்பின் சாரம். அந்த ஜெர்மன் படத்தை 1927இலேயே, தான் பார்த்த படங்களில் அசட்டுத்தனமானது என்கிற மாதிரி விமர்சித்தவர் அவர். இசையும் பின்னால் ஒட்டவைப்பதாக இருக்கக் கூடாது, படத்தோடு சேர்ந்து பிறக்க வேண்டும் என்று ஆர்தர் பிளிஸ்ஸை முன்கூட்டியே எழுதவைத்தார். அது நல்ல யோசனை, இன்றும் அந்த இசை தனியாக வாசிக்கப்படுகிறது.

படம்? 1940 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஒரு நகரத்தின் மேல் குண்டுவீச்சோடு போர் தொடங்குவதாக அதில் வரும். படம் வந்தது 1936 பிப்ரவரியில், லண்டன் மேல் நிஜமாகவே தொடர்ந்து குண்டு விழத் தொடங்கியது 1940 செப்டம்பரில். அந்தக் காட்சிகளில் வசனம் மிகக் குறைவு, வில்லியம் கேமரான் மென்சிஸின் இயக்கமும் அரங்கமும் பேசுகின்றன. இடிந்த தியேட்டர், தெருவில் ஓடும் கூட்டம், இதையெல்லாம் பார்க்கும்போது உடம்பு சிலிர்க்கும். அப்புறம் 2036க்குப் போகிறோம், வெள்ளை உடையில் மனிதர்கள் நின்று பிரசங்கம் செய்கிறார்கள். கதாபாத்திரம் வாயைத் திறந்தாலே உள்ளேயிருந்து வெல்ஸ் பேசுகிறார். நாவலில் இதைத் தாங்கலாம், ஒரு பத்தியைத் தாண்டிப் படிக்கலாம். தியேட்டரில் எப்படித் தாண்டுவது? அவரை வெட்டுவதற்கு யாரும் துணியவில்லை என்பதுதான் படத்தின் நோய்.

அவருடைய கதைக்கே நல்ல திரைக்கதை எழுதியவர் இன்னொருவர்: ஆர். சி. ஷெரிஃப். நாடகாசிரியர் என்றே அவருக்குப் பெயர், ஆனால் ‘தி ஃபோர்ட்நைட் இன் செப்டம்பர்’ என்ற அருமையான நாவலும் எழுதியவர். ‘தி இன்விசிபிள் மேன்’ (1933) வேலைக்கு யுனிவர்சல் ஸ்டுடியோ அவரைக் கூப்பிட்டு, முந்தி எழுதி ஒதுக்கிய திரைக்கதைகளையெல்லாம் மேஜையில் அடுக்கியது. அவர் வெல்ஸின் மூல நாவலைக் கேட்டார். ஸ்டுடியோவில் ஒரு பிரதிகூட இல்லை. கடைசியில் பழைய புத்தகமாகத் தேடி வாங்கி, அதில் இருந்தபடியே எழுதினேன் என்று தன் வாழ்க்கை நினைவுகளில் சிரித்துக்கொண்டே சொல்கிறார்.

இந்த இடத்தில் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். இவர்களில் பலர் தங்கள் நாவலை விட அடுத்தவர் நாவலுக்கே அதிகம் திரைக்கதை எழுதியிருக்கிறார்கள். ஜேம்ஸ் ஹில்டன் இதற்குச் சரியான உதாரணம். லங்காஷயரில் பிறந்தவர், ‘லாஸ்ட் ஹொரைசன்’ எழுதி ‘ஷாங்ரி-லா’ என்ற சொல்லை உலகத்துக்குக் கொடுத்தவர். அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் தன் மலை ஓய்விடத்துக்கு அந்தப் பெயரையே வைத்தார், இன்று அதுதான் கேம்ப் டேவிட். அந்த நாவலின் படத்துக்குத் திரைக்கதை ராபர்ட் ரிஸ்கின். ‘குட்பை மிஸ்டர் சிப்ஸ்’ நாவலுக்கு எழுதியது மேலே சொன்ன ஷெரிஃபும் இன்னும் இருவரும். ஹில்டனின் ‘ரேஜ் இன் ஹெவன்’ நாவலின் படத்துக்கு எழுதியவர்களில் ஒருவர் இஷர்வுட். ஹில்டனுக்கு ஆஸ்கர் வாங்கிக் கொடுத்தது ‘மிஸஸ் மினிவர்’ (1942), அது ஜான் ஸ்ட்ரூதர் என்ற பெண்மணி நாளிதழில் எழுதிய பத்திகளிலிருந்து பிறந்த படம். கூட எழுதியவர்கள் மூன்று பேர்: கிளாடின் வெஸ்ட், ஜார்ஜ் ஃபுரோஷல், ஆர்தர் விம்பெரிஸ். அதே மூன்று பேர் அதே வருடம் ஹில்டனின் ‘ரேண்டம் ஹார்வெஸ்ட்’ நாவலையும் திரைக்கதையாக்கினார்கள், ஹில்டன் இல்லாமல்!

‘மிஸஸ் மினிவர்’ என்றால் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது இடிந்த தேவாலயத்தில் பாதிரியார் பேசும் கடைசிப் பிரசங்கம். ரூஸ்வெல்ட் அதைத் துண்டறிக்கையாக அச்சடிக்கச் சொன்னார் என்பார்கள். அதை இயக்குநர் வில்லியம் வைலரும், பாதிரியாராக நடித்த ஹென்றி வில்காக்சனும் கடைசி நேரத்தில் மாற்றி எழுதினார்கள். அதாவது ஆஸ்கர் வாங்கிய நால்வரின் படத்தில் புகழ்பெற்ற பேச்சு அந்த நால்வருடையது அல்ல. ஹில்டனுக்கு இதில் வருத்தம் இருந்த மாதிரித் தெரியவில்லை. கூட்டுவேலை அவருக்கு ஒத்துப்போனது, கலிஃபோர்னியாவிலேயே தங்கிவிட்டார், 1954இல் அங்கேயே இறந்தார்.

மற்றவர்களை வேகமாகத் தாண்டுகிறேன். வால்போல் ‘டேவிட் காப்பர்ஃபீல்டு’ (1935) படத்துக்குத் திரைக்கதை எழுதியதோடு பாதிரியாராக ஒரு சின்ன வேடமும் போட்டார். பிரீஸ்ட்லி, பாடகி கிரேசி ஃபீல்ட்ஸுக்காக ‘சிங் ஆஸ் வி கோ’ (1934) எழுதினார். மூடிய பஞ்சாலை, வேலை போன பெண், பாட்டு, சிரிப்பு என்று ஓடும் மக்கள் படம், அதை மட்டமாகப் பார்ப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. கிளெமன்ஸ் டேன் ‘பர்ஃபெக்ட் ஸ்டிரேஞ்சர்ஸ்’ (1945) கதைக்காக ஆஸ்கர் வாங்கினார், இன்று அவர் பெயர் யாருக்கும் ஞாபகம் இல்லாதது அநியாயம். எட்கர் வாலஸ் 1931 கடைசியில் ஹாலிவுட் போய், ஜனவரியில் ‘கிங் காங்’ முதல் வரைவை எழுதி, 1932 பிப்ரவரியில் அங்கேயே இறந்துபோனார். ஆன்டனி பவல் 1937இல் வேலை தேடி ஹாலிவுட் போனார், கிடைக்கவில்லை, ஃபிட்ஸ்ஜெரால்டுடன் ஒரு மதியச் சாப்பாடு கிடைத்தது. இஷர்வுட் லண்டனில் இயக்குநர் பெர்த்தோல்டு வியர்டெலுடன் ‘லிட்டில் ஃபிரெண்ட்’ (1934) வேலை செய்த அனுபவத்தை ‘பிரேட்டர் வயலட்’ என்ற சின்ன நாவலாக்கினார். படத்தை விட நாவல் பத்து மடங்கு நல்லது. ஒரு ஸ்டுடியோவுக்குள் திரைக்கதை எப்படி உருவாகிறது, எப்படிச் சிதைகிறது என்று தெரிய அதைப் படித்தால் போதும்.

மாம் பற்றி நமக்குக் கொஞ்சம் கூடுதல் அக்கறை இருக்கும். 1938இல் திருவண்ணாமலை ரமணாசிரமத்துக்கு வந்தவர் அவர், அங்கே மயங்கி விழுந்தார், ரமணர் அவர் அருகில் வந்து மௌனமாக உட்கார்ந்திருந்தார். அந்தச் சந்திப்பின் சாயலில்தான் ‘தி ரேஸர்ஸ் எட்ஜ்’ (1944) நாவலில் வரும் ஸ்ரீ கணேசர் உருவானார். அந்த நாவலுக்கு 1945இல் மாம் தானே திரைக்கதை எழுதினார், இயக்குநர் ஜார்ஜ் கூக்கருக்காக. ஸ்டுடியோ அதை ஒதுக்கியது. கூக்கரும் விலகினார், லாமர் டிராட்டி எழுதிய வேறு திரைக்கதையில் 1946இல் படம் வந்தது.

இனி கிரீன்.

அவரை இவ்வளவு நேரம் தள்ளிவைத்ததற்குக் காரணம், இவர்களில் சினிமாவை உள்ளிருந்து அறிந்தவர் அவர் என்பதுதான். 1935 முதல் 1940 வரை ‘ஸ்பெக்டேட்டர்’ இதழில் சினிமா விமர்சனம் எழுதினார், மொத்தம் நானூறுக்கும் மேல். கோர்டாவின் படங்களை விடாமல் கிழித்தார். இந்த ஆள் யார் பார்க்கலாம் என்று கோர்டா கூப்பிட்டு, திரைக்கதை எழுதும் வேலையே கொடுத்துவிட்டார். கால்ஸ்வொர்த்தி கதையிலிருந்து ‘ட்வென்டி ஒன் டேஸ்’ என்ற படம், விவியன் லீயும் லாரன்ஸ் ஒலிவியேவும் நடித்தது. படம் சொதப்பல். சில வருடம் பெட்டியில் கிடந்து 1940இல் வந்தபோது விமர்சனம் எழுத வேண்டியவர் யார்? கிரீனேதான். எழுதினார். தன்னையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றி, இனி இப்படிச் செய்யமாட்டேன் என்று சத்தியம் செய்தார். தன் படத்தைத் தானே திட்டி எழுதிய இன்னொரு விமர்சகரை நான் கேள்விப்பட்டதில்லை.

நடுவில் 1937இல் ‘நைட் அண்டு டே’ இதழில் சிறுமி ஷெர்லி டெம்பிளின் படம் ஒன்றைப் பற்றி, பெரியவர்கள் அந்தக் குழந்தையை எந்தக் கண்ணோடு பார்க்க வைக்கப்படுகிறார்கள் என்று எழுதி மானநஷ்ட வழக்கில் மாட்டினார். நஷ்டஈடு 3,500 பவுண்டு, அதில் 500 கிரீன் தலையில். தீர்ப்பு வந்தபோது அவர் மெக்சிகோவில் இருந்தார். அந்தப் பயணத்திலிருந்து வந்ததுதான் ‘தி பவர் அண்டு தி குளோரி’.

போர் முடிந்ததும் கோர்டா அவரை இயக்குநர் கரோல் ரீடுடன் சேர்த்துவிட்டார். முதலில் ‘தி ஃபாலன் ஐடல்’ (1948), அடுத்து ‘தி தேர்டு மேன்’ (1949). இரண்டாவதற்கு கிரீனிடம் இருந்தது, இறந்து அடக்கமான நண்பனைத் தெருவில் கண்ட ஒருவன் என்ற ஒரே வரி, உறையின் பின்பக்கம் கிறுக்கிவைத்தது. கோர்டாவுக்கோ நான்கு வல்லரசுகள் பங்குபோட்டு ஆண்ட வியன்னாவைப் பற்றிப் படம் வேண்டும். 1948 பிப்ரவரியில் வியன்னா போனார் கிரீன். ஊர் முழுக்க இடிபாடும் பனியும், கதை மட்டும் நகரவில்லை. கிளம்பும் சமயத்தில் ஒரு பிரிட்டிஷ் உளவு அதிகாரி, சாக்கடைச் சுரங்கங்களில் ரோந்து போகும் போலீஸைப் பற்றியும், கள்ளச்சந்தையில் கலப்படம் செய்து விற்ற பென்சிலினைப் பற்றியும் சொன்னார். கதை கிடைத்துவிட்டது.

அவர் நேராகத் திரைக்கதைக்குப் போகவில்லை. முதலில் குறுநாவலாக எழுதினார், அச்சுக்காக அல்ல, தனக்காகவும் ரீடுக்காகவும். ஒரு படத்துக்கு வேண்டியதைவிடக் கூடுதலான சரக்கு கையில் இருந்தால்தான் அதிலிருந்து அள்ள முடியும், திரைக்கதையின் வறண்ட சுருக்கெழுத்தில் முதன்முதலாக ஒரு மனிதனை உயிரோடு பிடிக்க முடியாது என்பது அவர் கட்சி. பிறகு ரீடுடன் உட்கார்ந்து தன் கதையைத் தானே உடைத்தார். கதையில் முடிவு ஓரளவு சுபம், கல்லறையிலிருந்து திரும்பும்போது அந்தப் பெண் நாயகனோடு நடந்துபோகிறாள். ரீடு ஒப்புக்கொள்ளவில்லை. படத்தில் அவள் நீண்ட சாலையில் நம்மை நோக்கி நடந்துவருகிறாள், காத்துநிற்பவனைத் திரும்பியும் பாராமல் தாண்டிப் போகிறாள், அவன் சிகரெட் பற்றவைக்கிறான். ரீடு சொன்னதுதான் சரி, நான் சொன்னது தப்பு என்று கிரீன் அச்சிலேயே ஒப்புக்கொண்டார். படத்தில் எல்லோரும் மேற்கோள் காட்டும் சுவிஸ் குக்கூ கடிகார வசனமும் அவருடையது அல்ல, ஆர்சன் வெல்ஸ் சேர்த்தது. அதையும் கிரீன் மறைக்கவில்லை. எச். ஜி. வெல்ஸ் இந்த இடத்தில் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இவற்றில் ஒன்றைத்தான் பார்க்க நேரம் என்றால் ‘தி தேர்டு மேன்’ பாருங்கள் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நான் ‘தி ஃபாலன் ஐடல்’ சொல்வேன், அதன் மூலக்கதையான ‘தி பேஸ்மென்ட் ரூம்’ சிறுகதையை முதலில் படித்துவிட்டு. கதையில் வேலைக்காரர் பெயின்ஸ் மனைவியின் சாவுக்குக் காரணமாகிறார், சிறுவன் அவரைக் காட்டிக்கொடுத்துவிடுகிறான். நடுநடுவே கதை அறுபது வருடம் தாவி, அந்தச் சிறுவன் கிழவனாகச் சாவதையும் ஒரு வரியில் சொல்லிவிட்டுத் திரும்பும். கேமராவால் அப்படித் தாவ முடியாது என்று கிரீனுக்குத் தெரியும், அதைத் தொடவே இல்லை. படத்தில் சாவு விபத்து, பெயின்ஸைக் காப்பாற்றச் சிறுவன் சொல்லும் பொய்களே அவர் கழுத்தை இறுக்குகின்றன. கடைசியில் ஒரு காலடித் தடத்தை வைத்துப் போலீஸ் அவரை விட்டுவிடுகிறது. அந்தத் தடம் அப்போது விழுந்ததல்ல, முந்தியே விழுந்தது என்று சிறுவனுக்குத் தெரியும். இனியாவது உண்மை சொல்லலாம் என்று ஒவ்வொருவர் சட்டையாகப் பிடித்து இழுக்கிறான், பெரியவர்கள் யாரும் காது கொடுக்கவில்லை.